அச்சுப்பொறியின் தாமதமும் நமது அவசரமும்

வீட்டில் ஓர் அச்சுப்பொறி வைத்திருப்போர் நம் கலாசாலையைச் சார்ந்தாருட் பலர். அவருள் அதனைப் புகழ்ந்து பேசிய ஒருவரையேனும் நாம் இதுகாறும் சந்தித்தோமில்லை. மையை அளவின்றிக் குடிக்கிறது என்பார் சிலர். காகிதத்தைக் கசக்கி உமிழ்கிறது என்பார் சிலர். ஆயினும் யாவரும் ஒருமுகமாகச் சாட்டும் குற்றம், அது ஆமைபோல் நகர்கின்றது என்பதே. இவ்வழக்கில் வாதிகள் ஏராளம்; பிரதிவாதிக்கோ வாயில்லை. ஆதலின் அவ்வாயற்ற யந்திரத்தின் பக்கம் நின்று சில வார்த்தை கூற நாம் துணிகின்றோம். வீட்டு அச்சுப்பொறியின் மந்தகதி பெரும்பாலும் அப்பொறியின் குணமன்று, நாம் அதற்கு இட்ட கட்டளையின் விளைவே என்பதும், தாமதம் எவ்விடத்து நிகழ்கின்றது என்று விசாரியாமலே அதற்குத் தண்டனை விதிப்பது அநியாயமும் பணநஷ்டமுமாம் என்பதும் நமது கட்சி. நாமும் ஒருகால் வாதியாயிருந்து, விசாரணையின்றித் தீர்ப்பும் எழுதினோமாதலால், அவ்வரலாற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுதலே முறை.

மார்ச்சு மாதத்தில் ஓர் இரவு. நம் இல்லத்தில் தங்கிப் படிக்கும் தமையனார் மகள் தன் முதுகலை ஆய்வேட்டை மறுநாட் காலை பத்து மணிக்குள் துறை அலுவலகத்திற் சேர்ப்பித்தாக வேண்டும். பக்கங்கள் 96. இரவு ஒன்பது மணிக்கு அச்சிடத் தொடங்கினோம். முதற்பக்கம் வெளிவர நான்கு நிமிஷம் ஆயிற்று. அடுத்ததும் அவ்வாறே. "விடியுமுன் முடிந்துவிடும்" என்று ஆறுதல் கூறி, முறை வைத்துக் காவலிருந்தோம். ஒரு மணியளவில், அறுபதாம் பக்கம் அளவில், பொறி அடியோடு நின்றுவிட்டது. கட்டளையை மீண்டும் இட்டோம், அசையவில்லை. மறுபடியும் இட்டோம். ஐந்தாறு முறை இட்டபின் பொறியின் மேல் ஓர் அறையும் இட்டோம் என்பதை மறைப்பானேன்? காலையில் அவள் கடைத்தெருவுக்கு ஓடி, கடை திறக்கும்வரை வாசலில் நின்று, அச்சிட்டுக் கட்டிய ஏட்டுடன் அலுவலகம் புகுந்தபோது மணி பதினொன்று. துறைத்தலைவரின் தயவால் ஏடு ஏற்கப்பட்டது. எனினும் இரண்டாண்டு உழைப்பு ஒரு மணி நேரத்தால் வீணாகக் கூடிய நிலை வந்துற்றதை அவளும் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை.

அவ்வாரத்திலேயே ரூ. 14,500 கொடுத்துப் புதிய பொறி ஒன்று வாங்கினோம். பழையதை, நம் இல்லத்தில் வேலை செய்யும் அம்மையாரின் மகன், பி.காம். முதலாண்டு பயில்பவன், எடுத்துச் சென்றான். வாய்மொழித் தேர்வுக்குப்பின் ஏட்டில் சில திருத்தம் செய்து மீண்டும் ஒரு படி எடுக்க வேண்டியிருந்தது. புதிய பொறியில் முதற்பக்கத்துக்கு மூன்று நிமிஷம். "சித்தப்பா, இதுவும் அதே கதைதான்!" என்று அவள் கூவினாள். இது நடந்து இரண்டு நாட்குள் அப்பையன் நம்மைக் காண வந்தான். "ஐயா, அந்த மிஷின் நன்றாய் ஓடுகிறது. நிமிஷத்துக்கு எட்டுப் பக்கம் வருகிறதே, இதை ஏன் கொடுத்துவிட்டீர்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டது நன்றியினால்; நமக்கோ அது குறுக்கு விசாரணைபோல் இருந்தது. ஒரு வீட்டில் ஆமையாயிருந்தது மற்றொரு வீட்டில் முயலாவது எங்ஙனம்? எய்தவனிருக்க அம்பை நொந்தோமோ என்னும் ஐயம் அன்றுதான் பிறந்தது.

அச்சிடுக என்று நாம் ஒரு முறை தட்டியபின் நிகழ்வன யாவை என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய பக்கம் எழுத்தும் படமுமாய் இருக்கின்றது. பொறிக்கோ புள்ளி ஒன்றே தெரியும். ஆதலின் எவரேனும் ஒருவர் அப்பக்கத்தைப் புள்ளிகளாக மொழிபெயர்த்துக் கொடுத்தல் வேண்டும். வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இம்மொழிபெயர்ப்பைச் செய்வது கணிப்பொறியிலுள்ள டிரைவர் என்னும் நிரல். அது முடிந்த பக்கத்தை ஸ்பூலர் என்னும் வரிசையில் நிறுத்துகின்றது. வரிசையிலிருந்து அது கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ பொறியைச் சென்று சேர்கின்றது. அதன்பின்னரே மையும் காகிதமும் தத்தம் தொழிலைத் தொடங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் படி ஒன்றே. அதனால் பழியும் அதன்மேலதே.

இம்மொழிபெயர்ப்பின் பளுவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ4 அளவுள்ள காகிதத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி. 600 வீதமாயின் 3 கோடியே 48 லட்சம். 1200 ஆயின் சுமார் 14 கோடி. புள்ளியை இரட்டித்தால் வேலை இரட்டிக்கின்றதில்லை, நான்கு மடங்காகின்றது. வர்ணப் படமாக 600 வீதத்திற் சுருக்காமல் எழுதின் ஒரு பக்கமே 100 மெகாபைட்டுக்கு மேற்படும். இப்பளு இன்று புதிதாய்த் தோன்றியதன்று. 1985-ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியார் வெளியிட்ட லேசர்ரைட்டர் என்னும் பொறி, நிமிஷத்துக்கு எட்டுப் பக்கம் தள்ளவல்லது. வீதம் 300 புள்ளி. மொழிபெயர்ப்பை அப்பொறியே செய்துகொள்ள வேண்டியிருந்தமையின், அதனுள் 12 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மூளையை வைத்தனர். அதற்குக் கட்டளையிட்ட மக்கின்டாஷ் கணிப்பொறியின் மூளைக்கோ ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸ்தான்! எசமானனைவிட ஏவலாள் கூரிய புத்தியுள்ளவனாயிருந்தான். அங்ஙனமிருந்தும், படம் மலிந்த பக்கம் வந்தால் அவனும் நின்று யோசித்தே அச்சிட்டான்.

அடுத்த சனிக்கிழமை நாம் முறையாக விசாரணை தொடங்கினோம். வள்ளுவனார் மருத்துவனுக்கு விதித்த முறை அச்சுப்பொறிக்கும் ஏற்குமெனக் கண்டோம். முதற்கண், கணிப்பொறியின் தொடர்பு சிறிதுமின்றி, பொறியின் முகப்பிலுள்ள பொத்தானைக் கொண்டே அதன் சோதனைப் பக்கத்தை அச்சிடச் செய்தோம். இருபது விநாடியில் வந்து விழுந்தது. இச்சோதனை ஒன்றே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்: தன் பக்கத்தைத் தான் விரைவில் அச்சிடும் பொறி நோயுற்றதன்று. பின்னர் யூஎஸ்பி கம்பியால் கணிப்பொறியோடு பிணைத்து, நான்கு வரிக் கடிதம் ஒன்றை அச்சிட்டோம். அதுவும் விரைவாகவே வந்தது. அக்கடிதத்தையே வைஃபை வழியே அனுப்பினோம். தொடங்கவே முக்கால் நிமிஷம். இறுதியாக ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைக் கம்பி வழியே அனுப்பினோம், ஒன்றரை நிமிஷம். கால்மணி நேரத்தில் உண்மை வெளியாயிற்று. தாமதம் ஒன்றன்று, பல. அவற்றுள் ஒன்றேனும் பொறியினுள் இல்லை.

ஒவ்வொன்றாக அவற்றைத் துருவினோம். ஏட்டில் பழைய சஞ்சிகைப் பக்கங்களின் படங்கள் இருபத்துமூன்று இருந்தன. கைப்பேசியால் எடுத்த அப்படங்கள் ஒவ்வொன்றும் 4000-க்கு 3000 புள்ளி உடையன. அவை ஏட்டில் அச்சாகும் அகலமோ மூன்றங்குலம். அதற்கு அங்குலத்துக்கு 200 வீதம் 600 புள்ளி போதும். தேவைக்கு நாற்பது மடங்குக்கு மேற்பட்ட சுமையைக் கணிப்பொறி ஒவ்வொரு படத்துக்கும் சுமந்தது. இஃதன்றி, முன்னொருகால் தமிழெழுத்துக்களின் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து அச்சானமையால், பிடிஎஃப் காட்டும் நிரலில் 'படமாக அச்சிடு' என்னும் கட்டத்தில் யாரோ ஒரு குறி இட்டிருந்தோம். அது அன்றைய நோய்க்கு மருந்து. நோய் தீர்ந்தும் மருந்தை நிறுத்தவில்லை. அக்குறியினால் எழுத்து எழுத்தாகச் செல்லாது, வெற்றிடம் உட்பட முழுப்பக்கமும் படமாகச் சென்றது. தமிழ் அச்சிடுவோர் வீடுகளில் இக்குறி பல ஆண்டு மறந்து கிடத்தல் கூடும். தேடிப் பார்த்து நீக்குவது நலம். இக்காலத்து யூனிக்கோடு எழுத்துருக்களைப் பிடிஎஃபினுள்ளேயே பொதிந்துவிட்டால் அதன் உதவி பெரும்பாலும் வேண்டுவதில்லை.

பழைய பொறிக்கோ வேறொரு பாவமும் செய்திருந்தோம். ஒரு ஞானஸ்நானப் படத்தை நேர்த்தியாக அச்சிட வேண்டி, தரம் 'பெஸ்ட்' என்றும் காகிதம் 'போட்டோ' என்றும் அமைத்துவிட்டு, பின்னர் மாற்ற மறந்தோம். அவ்வமைப்பில் மைத்தலை ஒவ்வொரு வரிமேலும் பன்முறை சென்று மீளும். சில பொறிகளில் போகும்போது மட்டும் அச்சிட்டு, வரும்போது வாளாவரும். சாதாரணக் காகிதத்தில் இதனால் எழுத்து அழகு பெறுவதுமில்லை. மை ஊறிக் காகிதம் நெளிவதே பயன். புதிய பொறியிலும் 'ஆய்வேடு அல்லவா' என்று தரத்தைப் 'பெஸ்ட்' என்றே நம் கையால் அமைத்தோம். அப்பையனோ தரத்தையும் காகிதத்தையும் தொடவேயில்லை. அவன் கணிப்பொறியில் புதிதாய் நிறுவிய டிரைவர் 'நார்மல்' என்றே வைத்துக்கொண்டது. அவன் வீட்டில் வைஃபையும் இல்லை. இல்லாமையே அவனுக்கு வரமாயிற்று.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த பொறிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறிவன. அவ்வலைவரிசையில்தான் அடுத்த வீட்டார் ரூட்டரும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும், ப்ளூடூத் கருவிகளும் இரைகின்றன. நம் ரூட்டர் கூடத்தில்; பொறி பின்கட்டில்; இடையே செங்கற்சுவர் இரண்டு. விநாடிக்கு ஐந்து மெகாபிட் அளவே எட்டும் ஓரிடத்தில், மேற்கூறிய 100 மெகாபைட் பக்கம் சுருங்காமற் சென்றால் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் குறைய ஆகும். யூஎஸ்பி 2.0 கம்பிக்கு ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட் உண்டு. அப்பக்கம் இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். ஐம்பது நூறு பக்கம் அச்சிடுவோர், கம்பியைக் கண்டு கௌரவக் குறைவாக எண்ணாதிருப்பாராக.

அன்றிரவு ஒரு மணிக்குப் பொறி நின்றதன் காரணமும் புலப்பட்டது. வரிசையில் ஒரு பக்கம் சிதைந்து அடைத்துக்கொண்டது. அதன்பின் நாம் ஆத்திரத்தால் இட்ட ஆறு கட்டளைகளும் அதன் முதுகின்பின் வந்து நின்றன. விண்டோஸ் கணிப்பொறியில் பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சேவையை நிறுத்தி, தேங்கிய கோப்புக்களை நீக்கி, மீண்டும் தொடங்கியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் வழி திறந்திருக்கும். நாம் செய்ததோ, கதவு தாழிட்டிருக்க வெளியே மேலும் ஆறு பேரை நிறுத்தியதே.

காத்திருப்பவர் அறியாமல் பொறி நின்றுபோதல் பெரியோர் இடத்தும் நிகழ்ந்ததே. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் கம்பெனியார் லேசர் அச்சுப்பொறி ஒன்றை நன்கொடையாக அளித்தனர். அது வேகமுள்ளதே, ஆனால் காகிதம் சிக்கினால் எவர்க்கும் சொல்லாது. வேறொரு மாடியிலிருந்து கட்டளையிட்டோர் நெடுநேரங் கழித்து வந்து பார்த்து, ஒன்றும் அச்சாகாமை கண்டு திரும்புவர். அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், முன்னிருந்த பொறிக்குத் தாம் எழுதியது போலவே சிக்கலைக் காத்திருப்போர்க்கு அறிவிக்கும் நிரல் ஒன்றை இதற்கும் எழுத விரும்பி, மூல நிரலை வேண்டினார், அது மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் தொடங்கிய குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சிக்கு அம்மறுப்பு ஒரு தூண்டுகோல் என அவரே கூறியுளர். அவர் பொறியை மாற்றும்படி கேட்கவில்லை. அடைப்பு எங்கே என்று அறியும் உரிமையைக் கேட்டார். இக்கூற்றை நாம் மிகவும் மதிக்கின்றோம்.

இனி, நீக்கத்தகாத தாமதமும் உண்டு. இதனை அறியாமல் பலர் பொறியைக் கெடுக்கின்றனர். இருபுறமும் அச்சிடும் மைப்பொறி ஒரு புறம் முடிந்ததும் சில விநாடி நிற்கும். மை உலராது திருப்பினால் உருளை எங்கும் கறை படியும் என்பதற்கே அந்நிலை. லேசர் பொறியில் மைத்தூளை உருக்கிக் காகிதத்தோடு ஒட்டவைப்பது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் அளவு சூடேறும் உருளை. உறை போன்ற ஒடுங்கிய தாள்களைத் தொடர்ந்து செலுத்தின் உருளையின் நடுப்பகுதிச் சூட்டைத் தாள் வாங்கிக்கொள்ளும். ஓரங்கள் மிகக் காய்ந்துவிடும். அதனை ஆற்றவே பொறி தன் நடையைத் தளர்த்துகின்றது. தடித்த தாளுக்கும் மெதுவாகவே செல்லும். குழந்தை உறங்குகின்றதென்று 'குவைட்' என்னும் மெல்லோசை அமைப்பை நாமே தெரிந்தெடுத்துவிட்டுப் பின் மறந்து, வேகம் குறைந்ததென்று வருந்துதலும் உண்டு. இவற்றுள் முன்னவை பொறியின் நிதானம். அவற்றைக் குற்றமென்று எண்ணி இடையில் மூடியைத் திறப்பதும் மின்சாரத்தை அறுப்பதும் கூடா. மைப்பொறியைச் சுவரிலுள்ள விசையால் அணைப்பது மிகப் பொல்லாத வழக்கம். பொறியின் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் மைத்தலை தன் மூடியின்கீழ்ச் சென்று ஒடுங்கும்; இன்றேல் நம் நாட்டு வெயிலில் துளைகள் வறண்டு அடையும். மறுமுறை ஏற்றும்போது துளைகளைக் கழுவ நேரமும் மையும் செலவாகும். அதனையும் 'மந்தம்' என்று கணக்கில் எழுதுகின்றோம்.

விற்போர் பக்கமும் ஒரு நியாயம் சொல்லுதல் வேண்டும். பெட்டியின்மேல் நிமிஷத்துக்கு இத்தனை பக்கம் என்று அச்சிட்டிருப்பது முழுப் பொய்யன்று. முற்காலத்தில் மிகத் தாழ்ந்த வரைவுத் தரத்தில் வரும் எண்ணையே 'வரை' என்னும் சிறு சொல்லோடு பெரிதாகப் பறைசாற்றினர். 2009-இல் ஐ.எஸ்.ஓ. 24734 என்னும் அளவை ஏற்பட்டபின் வோர்டு, எக்ஸெல், பிடிஎஃப் என்னும் மூவகைப் பொதுப் பக்கங்களைக் கொண்டு அளக்கலாயினர். எனினும் அவை அலுவலகத்து எளிய பக்கங்கள். கைப்பேசிப் படம் இருபத்துமூன்று சுமந்த ஆய்வேடு அல்ல. உறங்கும் பொறி விழித்து முதற்பக்கம் தர எடுக்கும் நேரமும் அவ்வெண்ணில் அடங்குவதன்று. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் அச்சிடும் வீட்டில் முதற்பக்க நேரமே முக்கியம். அதனைக் கேட்டு வாங்குவாரை நாம் கண்டதில்லை.

மிஷன் கலாசாலையினராகிய நமக்குத் தரங்கம்பாடி வரலாறு புதிதன்று. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் அங்கு வந்து சேர்ந்தன. சீகன்பால்கு ஐயர் அவற்றைக் கொண்டு வேலை தொடங்கியபோது, எழுத்துக்கள் மிகப் பெரியனவாதலின் காகிதம் ஏராளமாய்ச் செலவாகக் கண்டார். அவர்கள் அச்சகத்தைக் குறை கூறவில்லை. புதிய அச்சகம் வரவழைக்கவுமில்லை. இடர் எழுத்தின் அளவில் உள்ளதென உணர்ந்து, சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டனர். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முற்றுப்பெற்றது. அளவுக்கு மீறிய படங்களை ஏட்டில் நிரப்பிவிட்டுப் புதுப்பொறி வாங்கிய நாம், இவ்வரலாற்றை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தி வந்தவர்களே!

உண்மையாகவே நோயுற்ற பொறிகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தன் சோதனைப் பக்கத்தையே தயங்கித் தயங்கி அச்சிடுவதும், ஒரு தாளை இழுக்க நான்கு முறை முயல்வதும் பொறியின் சொந்தக் கோளாறே. பின்னதற்கு, இழுக்கும் ரப்பர் உருளையை நீர் நனைத்த துணியாற் துடைத்தால் பலகாலும் குணமாகும். அதற்கும் இணங்காததை மாற்றுவதில் தவறில்லை. சோதனைக்குப் பின் வாங்குவது செலவு; சோதனைக்கு முன் வாங்குவது அபராதம்.

நம் துறைகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆய்வேட்டின் இறுதிப்படி நேர்த்தியாக இருத்தல் நியாயமே. திருத்தம் பார்ப்பதற்கென்று கேட்கும் இடைப்படிகளையும் உயர்ந்த தரத்தில், ஒருபுறம் மட்டும், வர்ணத்தில் வேண்டுமென்பது எதற்கு? வரைவுத் தரத்தில், இருபுறமும், கறுப்பு மையில் தந்தால் ஆசிரியரின் சிவப்பு மைக்கு அதுவே போதும். படங்களை அங்குலத்துக்கு 200 புள்ளிக்குச் சுருக்கிச் சேர்க்கும் முறையை முதற்பருவத்திலேயே ஒரு மணி நேரம் கற்பித்தால், இறுதி நாளிரவில் பல வீடுகளில் விளக்கு அணையும். ஏட்டைக் காலை பத்து மணிக்குக் கேளாமல் மாலை நான்கு மணிக்குக் கேட்டால் கடைகளும் திறந்திருக்கும்.

நம் தமையனார் மகளின் திருத்தப்படி, படங்களைச் சுருக்கி, குறியை நீக்கி, கம்பி பூட்டி அச்சிட்டதில் இருபது நிமிஷத்தில் முடிந்தது. புதிய பொறி அவள் மேசைமேல் இருக்கின்றது. பழையதைத் திரும்பக் கேட்க நமக்கு நாவெழவில்லை. போன வாரம் அப்பையன் கறுப்பு மை தீர்ந்துவிட்டதென்று வந்தான். ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தனுப்பினோம்.